வழிநூலும் போலியும்



ஆங்கில நாவல்களுள் ஒரு வகை உண்டு. அதிலே நாம் வாழும் உலகம் இராது. ஆசிரியர் தாமே படைத்த வேறோர் உலகம் இருக்கும். நூலின் முகப்பில் அவ்வுலகத்தின் தேசப்படம் காணப்படும். மலைகளுக்கும் ஆறுகளுக்கும் நாம் கேட்டறியாத பெயர்கள் சூட்டப்பட்டிருக்கும். அரசரும் மந்திரவாதிகளும், குள்ளரும் பறவைநாகங்களும் அங்கே உலாவுவர். எங்கோ ஒரு மூலையில், ஒன்றுமறியாத சிற்றூரிலே வளர்ந்த இளைஞன் ஒருவன், உலகத்தையே விழுங்க எழுந்த தீய சக்தி ஒன்றை எதிர்த்து நெடும்பயணம் புறப்படுவான். இத்தகைய நூல்கள் பெரும்பாலும் ஒரு பாகத்தோடு முடிவதில்லை; மூன்று, ஐந்து, பத்து எனப் பாகங்கள் பெருகும். இவற்றைக் காவிய அற்புத நாவல்கள் என்று தமிழிற் குறிப்பிடலாம்.

இவ்வகை நூல்களைப் பற்றி எழும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே. 'ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்தாயிற்று. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகின்றனர்' என்பர். முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பார்த்தெழுதுதல் எப்பொழுது குற்றமாகின்றது, எப்பொழுது குணமாகின்றது என்ற வினாவை எழுப்பாமல் இதனை ஏற்றுக்கொள்வது பொருந்தாது. இது வெறும் இலக்கிய வாதமும் அன்று. எங்கள் பாடசாலைகளிற் கதை எழுதப் புகும் பிள்ளைகளிற் சிலர், இந்நாவல்களையோ அவற்றினின்று எடுக்கப்பட்ட திரைப்படங்களையோ மனத்திற் கொண்டே இன்று எழுதுகின்றனர். அப்பிள்ளையின் கொப்பியில் ஆசிரியர் சிவப்பு மையால் என்ன எழுதுகின்றார் என்பது, அவன் மேலும் எழுதுவானா, பேனாவை மூடிவைப்பானா என்பதைத் தீர்மானித்துவிடக் கூடும்.

இவ்வகையின் முதல் நூல் என்று எல்லோரும் கைகாட்டும் நூலிலிருந்தே தொடங்குவோம். ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1892 முதல் 1973 வரை வாழ்ந்தவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 1925 தொடக்கம் 1945 வரை பழைய ஆங்கிலத்துக்கும், பின்னர் 1959 வரை ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராயிருந்தவர். 1937 இல் 'ஹொபிற்' என்னும் சிறுவர் நூலையும், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' எனப் பொருள்படும் பெருநூலை மூன்று பாகங்களாகவும் வெளியிட்டார். பின்வந்தோர் இவரைப் பார்த்து எழுதினர் என்கின்றோம். அப்படியாயின் இவர் எவரையும் பாராது எழுதினாரா? இல்லை. இவர் பட்ட கடன்களைக் கணக்கெடுக்கப் புகுந்தால், பின்வந்தோர் கடன் சிறிதாகவே தோன்றும்.

ஐஸ்லாந்து நாட்டில் 13 ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட பழம்பாடற் தொகுதி ஒன்று உண்டு. அதிலே 'வோலுஸ்பா' என்பது ஒரு பாடல். உலகத் தோற்றத்தையும் அழிவையும் கூறும் அப்பாடலின் நடுவே குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வருகின்றது. 'ஹொபிற்' கதையில் வரும் குள்ளர்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் அப்பட்டியலினின்றே எடுக்கப்பட்டவை. ரொல்கீனின் புகழ்பெற்ற மந்திரவாதியாகிய கண்டால்பின் பெயரும் அங்கேதான் இருக்கின்றது. அஃது அங்கே ஒரு குள்ளனின் பெயர்! எழுத்துப் பிரதியின் தொடக்க நிலையில் ரொல்கீனும் அப்பெயரைக் குள்ளர் தலைவனுக்கே வைத்திருந்தார். மந்திரவாதிக்கு வேறு பெயர் இருந்தது. பின்னரே மாற்றினார்.

இதுவரையில் இதனைக் களவு என்றே ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் அடுத்து நிகழ்ந்ததைக் கவனியுங்கள். தாம் மொழிநூற் புலவராதலின், ரொல்கீனுக்கு ஓர் உறுத்தல் உண்டாயிற்று. தாம் படைத்த உலகத்திலே ஐஸ்லாந்தும் இல்லை, நோர்வேயும் இல்லை. அங்கே வாழும் குள்ளருக்குப் பழைய நோர்ஸ் மொழிப் பெயர்கள் எவ்வாறு வந்தன? மற்றொருவராயின் கதைதானே என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. பெருநூலின் பின்னிணைப்பிலே அதற்கு விடை கூறினார். அக்கதை ஆதியில் அவ்வுலகத்தின் பொதுமொழியில் எழுதப்பட்டிருந்ததாம். அதனைத் தாம் இக்கால ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாராம். குள்ளர் தம் உண்மைப் பெயரைப் பிறருக்குச் சொல்வதில்லை. தம் கல்லறையிலேகூடப் பொறிப்பதில்லை. வெளியாரிடம் வழங்குவதற்காக வடபுலத்து மாந்தரின் பெயர்களை வைத்துக்கொள்வர். பொதுமொழிக்குப் பதிலாக ஆங்கிலத்தை வைத்தமையால், அதற்குத் தூரத்து உறவான அவ்வடபுல மொழிக்குப் பதிலாகப் பழைய நோர்ஸ் மொழியை வைத்தாராம். குதிரை வீரர்களாகிய இன்னொரு சாதியார் பொதுமொழிக்கு மூத்த உறவான ஒரு மொழியைப் பேசுவதால், அதற்குப் பழைய ஆங்கிலத்தைப் பயன்படுத்தினாராம்.

கடன் வாங்கிய பெயர்களை நியாயப்படுத்துவதற்காக ஒரு மனிதன் இத்துணை உழைத்தான் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வுழைப்பினாலேயே அவ்வுலகத்துக்கு ஆழம் பிறந்தது. மொழிகள் உறவாயின் இனங்களும் உறவாதல் வேண்டும். உறவாயின் எப்பொழுது பிரிந்தன, ஏன் பிரிந்தன என்ற சரித்திரம் வேண்டும். சரித்திரம் வேண்டின் இடிந்த கோட்டைகளும் மறந்த பாட்டுகளும் வேண்டும். வாசகன் அந்நூலைப் படிக்கும்போது, தான் காணும் ஒவ்வொரு கல்லின் பின்னும் காணாத ஒன்று இருப்பதாக உணர்கின்றான் அல்லவா? இரவல் வாங்கிய பெயர்ப்பட்டியலைச் சும்மா விட மனமில்லாத ஒருவரின் முயற்சிக்கும் அவ்வுணர்ச்சியிலே பங்குண்டு.

மற்றைக் கடன்களையும் சிறிது பார்ப்போம். 'பெயோவுல்ப்' என்பது மூவாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளையுடைய பழைய ஆங்கிலக் காவியம். அதன் இறுதிப் பகுதியிலே, புதையலைக் காத்துத் துயிலும் பறவைநாகத்திடமிருந்து ஒருவன் கிண்ணமொன்றைத் திருடுகின்றான். நாகம் சினந்தெழுந்து நாட்டை எரிக்கின்றது. 'ஹொபிற்' கதையின் நாயகனும் அவ்வாறே ஒரு கிண்ணத்தைத் திருடுகின்றான். இதைப் பற்றி 1938 இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், அக்காவியம் தாம் பெரிதும் மதிக்கும் மூலங்களுள் ஒன்றென்பதை ரொல்கீன் ஒத்துக்கொண்டார். ஆனால் எழுதும் வேளையில் அது தம் மனத்தின் முன்னே நிற்கவில்லை என்றும், கதையின் போக்கிலே களவு தானாக நேர்ந்தது என்றும் கூறினார். நெடுங்காலம் கற்பித்த நூல் ஆசிரியரின் எலும்பிலே ஊறிவிடுகின்றது. பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது விளங்கும்.

பின்லாந்தில் லொன்றொட் என்பவர் நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1835 இலும், விரித்து 1849 இலும் வெளியிட்ட 'கலேவலா' என்னும் காவியத்தில் குல்லெர்வோ என்னும் தீவினைப்பட்ட வீரன் வருகின்றான். அறியாமற் செய்த பெரும்பாவத்தை அறிந்தபின், தன் வாளை நோக்கித் தன் குருதியைக் குடிப்பாயா என்று அவன் கேட்க, வாள் வாய்திறந்து மறுமொழி கூறுகின்றது. ரொல்கீன் மாணவராயிருந்தபோதே அக்கதையைத் தம் நடையில் எழுத முயன்றார். பின்னர் அவருடைய தூரின் என்னும் வீரனும் தன் வாளோடு பேசியே மாய்கின்றான். இதனை அவர் மறைத்தாரும் அல்லர்.

இக்கடன்களுள் எனக்கு மிகவும் சுவையாகப்படுவது, பிடித்ததை எடுத்த கடன் அன்று; பிடிக்காததினின்று எடுத்த கடனாகும். சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகம் எங்கள் நாட்டிலும் பலர் பாடமாகப் படித்தது. பேர்ணம் காடு மலைமீது ஏறி வரும்வரை மக்பெத்துக்குத் தோல்வி இல்லை என்று ஆரூடம் சொல்லப்படுகின்றது. காடு எப்படி நடக்கும் என்று அவன் இறுமாந்திருக்கிறான். இறுதியில் நிகழ்வது யாது? படைவீரர் மரக்கிளைகளை ஒடித்துப் பிடித்துக்கொண்டு வருகின்றனர். பாடசாலை மாணவனாயிருந்த ரொல்கீனுக்கு இது பெரும் ஏமாற்றமாயிற்று. மரங்கள் மெய்யாகவே போருக்கு நடந்து வரக்கூடிய ஓர் இடத்தைப் படைக்கவேண்டும் என்று அவர் மனம் அவாவிற்று. அவருடைய பெருநூலில் மரங்களின் மேய்ப்பர்களாகிய பேருருவினர் எழுந்து மந்திரவாதியின் கோட்டையைத் தகர்ப்பதும், அவர்கள் பின்னே ஒரு காடே போர்க்களத்துக்கு நகர்ந்து வருவதும் அவ்வேமாற்றத்தின் விளைவு. பெண் வயிற்றிற் பிறந்த எவனாலும் மக்பெத்துக்குச் சாவில்லை என்ற மற்றை ஆரூடத்தையும் இதனோடு வைத்துப் பாருங்கள். ரொல்கீனின் கதையில் எந்த ஆண்மகனாலும் வீழாதவன் என்று சொல்லப்பட்ட கொடிய தலைவன், ஆணுடை தரித்து வந்த ஓர் இளம்பெண்ணின் வாளுக்கும், அவளுக்குத் துணைநின்ற ஒரு சிற்றுருவினனின் கத்திக்கும் இரையாகின்றான். முன்னோர் நூலோடு வழக்காடுவதும் ஒருவகைக் கற்றலே.

1936 இல் 'பெயோவுல்ப்' காவியத்தைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரை ஒன்றிலே சிறு கதையொன்று சொல்கின்றார். ஒருவன் பழைய மண்டபத்தின் இடிந்த கற்களைக் கொண்டு கோபுரம் ஒன்று கட்டினான். அவன் நண்பர் வந்தனர்; கற்கள் பழையன என்பதைக் கண்டனர்; அவற்றில் என்ன செதுக்கப்பட்டிருக்கின்றது என்று பார்ப்பதற்காகக் கோபுரத்தைத் தள்ளி வீழ்த்தினர்; பின்னர் என்ன அலங்கோலம் என்று குறையும் கூறினர். ஆனால் அக்கோபுரத்தின் உச்சியில் நின்று அவன் கடலைப் பார்த்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது போயிற்று. பழைய காவியத்துக்காகச் சொன்ன இக்கதை அவர் பின்னர் எழுதிய நூலுக்கும் பொருந்துகின்றது.

நம் தமிழிலே இதற்கு ஓர் அளவுகோல் நெடுங்காலமாக உண்டு. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். முன்னோன் நூலோடு பெரும்பாலும் ஒத்துச் சென்று, பின்வந்தோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் செய்வது வழிநூல். வழிநூல் என்பது இழிசொல் அன்று. வான்மீகியின் வழியே சென்ற கம்பரையும், காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய யாழ்ப்பாணத்து அரசகேசரியையும் நாம் தாழ்வாகக் கருதுவதில்லை. அதே நன்னூலில் எழுத்தைப் பற்றிய பகுதியிலே போலி என்றொரு பெயர் வருகின்றது. சொல்லில் ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாது நிற்பின் அதனைப் போலி என்பர். பந்தல் என்பது பந்தர் ஆகும். சாம்பல் என்பது சாம்பர் ஆகும். எழுத்து மாறிற்று, பொருள் மாறவில்லை. இலக்கணத்தில் இது குற்றமன்று. ஆனால் நாவலுக்கு இதனை ஏற்றிப் பார்த்தால் நல்லதொரு உரைகல் கிடைக்கின்றது. பெயர்களை மாற்றியிருக்கின்றார், ஊர்களை மாற்றியிருக்கின்றார், பொருள் மாறிற்றா?

ரொல்கீன் பொருளை மாற்றினார். கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலேயே வருகின்றது. அதனைப் பெற்றவன் அறத்தில் நிற்பானா என்ற கேள்வியும் அங்கேயே உண்டு. பழங்கதைகளில் வீரன் அரும்பொருளைத் தேடிப் பெறுவதற்கே பயணம் போவான். ரொல்கீனின் நாயகனோ கையில் உள்ளதை அழிப்பதற்குப் போகின்றான். போய்ச் சேர்ந்த இடத்தில், இறுதிக் கணத்தில், அவன் மனம் தோற்றுவிடுகின்றது. மோதிரத்தை எறிய மறுக்கின்றான். முன்னொருநாள் அவன் இரங்கி உயிரோடு விட்ட ஓர் இழிந்த பிராணியாலேயே மோதிரம் அழிகின்றது. இதனை எழுதியவர் 1916 இல் சோம் ஆற்றங்கரைப் போர்க்களத்திலே நின்றவர். முதல் உலகப்போர் முடியுமுன் நெருங்கிய நண்பர்களுள் ஒருவரைத் தவிர மற்றெல்லோரையும் இழந்தவர். அவருடைய கதையில் நீருக்கடியிற் பிணங்களின் முகங்கள் தெரியும் சதுப்புநிலம் ஒன்று வருகின்றது. அதைப் பற்றிப் பின்னொருகால் எழுதியபோது, அப்போருக்குப் பிந்திய வடபிரான்சுக்கு அது சிறிது கடன்பட்டது என்றும், வில்லியம் மொறிஸ் எழுதிய பழைய நாவல்களுக்கு அதனினும் கூடக் கடன்பட்டது என்றும் குறித்தார். எவ்வளவு நேர்மையான கணக்கு! கண்ணாற் கண்ட போர்க்களமும் படித்த புத்தகமும் ஒரே குளத்திற் கலந்திருக்கின்றன.

இனிப் பின்வந்தோரிடம் செல்வோம். 1965 இல் அமெரிக்காவில் ரொல்கீனின் நூல் மலிவுப் பதிப்பாக வெளிவந்தது. முதலில் அனுமதியின்றி ஒரு கொம்பனியாலும், பின்னர் அனுமதியோடு மற்றொரு கொம்பனியாலும். பல்கலைக்கழக மாணவர் அதனை அள்ளிச் சென்றனர். வாசகர் இதுபோல் இன்னொன்று தாருங்கள் என்று கேட்கும்போது பதிப்பாளர் சும்மா இருப்பரோ? 1977 இல் ரெறி புறூக்ஸ் என்னும் சட்டத்தரணி எழுதிய 'ஷனாராவின் வாள்' வெளிவந்தது. ரொல்கீன் நாட்காட்டிகளுக்குப் படம் வரைந்த ஹில்டபிராண்ட் சகோதரர்களே இதற்கும் படம் வரைந்தனர். அமைதியான பள்ளத்தாக்கு, அங்கே வாழும் எளிய இளைஞன், அவனை எச்சரிக்க வரும் நெடிய மர்ம மனிதன், துரத்தி வரும் கரிய தூதர்கள், குள்ளனும் இளவரசனும் கூடிய தோழர் குழு, தொலைவில் இருட்கோமான் ஒருவன். ரொல்கீனைப் படித்தவனுக்கு அடுத்த அதிகாரத்தில் என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நூல் நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் ஏறிற்று. அதே துறையிற் பதிப்பாசிரியராயிருந்த லின் கார்ட்டர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார்.

கண்டனம் பெரும்பாலும் நியாயமே. ஆயினும் ஒன்றைச் சொல்லாவிடின் நடுநிலை ஆகாது. அந்நூலின் வாளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது வெட்டும் வாள் அன்று. ஏந்துகின்றவனுக்கும் எதிர்ப்பவனுக்கும் தத்தம் உண்மையைக் காட்டும் வாள். நாயகன் முதலிலே தன் பொய்ம்மைகளைத் தான் கண்டு பொறுக்கவேண்டியிருக்கின்றது. இருட்கோமானோ தான் எப்பொழுதோ செத்துவிட்டவன் என்ற உண்மையைக் காணப் பொறாது கரைகின்றான். அவ்வோரிடத்திலே மாறியது எழுத்து மட்டுமன்று, பொருளும் மாறிற்று. பந்தர்களின் நடுவே ஒரு புதுச்சொல்! 1982 இல் வந்த அவருடைய அடுத்த நூலிலே அக்குரல் இன்னும் தெளிவாகக் கேட்கின்றது. பார்த்தெழுதியவர் எழுதி எழுதியே தம் கையெழுத்தைக் கண்டுகொண்டார் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரே அச்சில் வார்த்த நூல்கள் எத்துணையோ வந்தன. ஒக்ஸ்போட்டிலே ரொல்கீனின் விரிவுரைகளைக் கேட்டவராகிய டயானா வின் ஜோன்ஸ் என்னும் எழுத்தாளர், 1996 இல் இந்நூல்களைப் பரிகசித்து, கற்பனை நாட்டுக்குச் சுற்றுலா செல்வோருக்கான கைநூல் போல ஒரு நூல் எழுதினார். அந்நாட்டிற் பயணிகளுக்கு எங்கு போனாலும் இறைச்சிக் குழம்பே கிடைக்கும் என்கின்றார். அதனை ஆக்குவதற்கு மணிக்கணக்காகும். காட்டிலே ஒளிந்து ஓடுகின்றவர்களுக்கு அவ்வளவு நேரம் ஏது? அங்கே குதிரைகள் துவிச்சக்கர வண்டி போன்றவை. நாள் முழுதும் ஓடினாலும் களைப்பதில்லை. நகைச்சுவைதான், ஆயினும் இது நோயை மிகச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியம். முன்னோன் நூலிலே குதிரை இருந்தது என்பதைக் கண்டு குதிரையை எடுத்துக்கொண்டனர். குதிரை என்ன தின்றது என்று கேட்கவில்லை. ரொல்கீன் தம் கதைமாந்தர் நடந்த தூரத்தையும், அன்றிரவு நிலவின் பிறையையும் கணக்குப் பார்த்து எழுதியவர்.

அறிந்தே பின்பற்றியவர்களும் உளர். றொபேட் ஜோர்டன் 1990 இல் தொடங்கிய பெருந்தொடரின் முதற்பகுதியை, வாசகருக்குப் பழகிய மண்ணில் கால்வைக்கும் உணர்ச்சி உண்டாகவேண்டும் என்றே ரொல்கீனின் சிற்றூரை நினைவூட்டும்படி எழுதியதாகச் சொல்லியிருக்கின்றார். வாசலைப் பழையதாக வைத்து வீட்டை வேறாகக் கட்டினார். அவர் 2007 இல் இறந்தபின் இன்னொருவர் எழுதி முடிக்க, 2013 இல் 14 ஆம் பாகத்தோடு அத்தொடர் நிறைவெய்தியது. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996 இல் தொடங்கிய தொடரோ இங்கிலாந்துச் சரித்திரத்தினின்று கடன் வாங்கியது. 15 ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர், யோர்க் என்னும் குலங்கள் முடிக்காகப் பொருதமையை அடியாகக் கொண்டது. நல்லவன் அரசனானால் நல்லாட்சி தானே வரும் என்ற நம்பிக்கையை ரொல்கீனிடமிருந்து எடுத்துக்கொள்ள அவர் மறுத்தார். அம்மறுப்பே அவருடைய முதல். ஐந்தாம் பாகம் 2011 இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர் இன்னும் காத்திருக்கின்றனர். அவர்கள் பொறுமைக்கும் ஒரு காவியம் பாடலாம்.

இவர்கள் அனைவரினும் ஊர்சுலா லெ குவின் அம்மையாரையே நான் மேலாக மதிக்கின்றேன். மானிடவியல் அறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்து 2018 வரை வாழ்ந்த அவர், 1968 இல் 'ஏர்த்சீயின் மந்திரவாதி' என்ற நூலை வெளியிட்டார். இளைஞருக்கு ஒரு நாவல் எழுதித் தருமாறு பதிப்பாளர் கேட்டபோது, கதைகளிலே மந்திரவாதி என்றால் நரைத்த தாடிக் கிழவராகவே இருக்கின்றாரே, தாடி நரைக்கு முன் அவர் என்னவாக இருந்தார், அக்கலையை எங்கே கற்றார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். ஒரு சிறு வினா! மேர்லின், கண்டால்ப் ஆகியோரின் கதைகளைப் படிக்காதவருக்கு இவ்வினா தோன்றவே தோன்றாது. படித்ததோடு நின்றுவிட்டவருக்கும் தோன்றாது.

அவ்வினாவினின்று கெட் என்னும் ஆட்டிடைச் சிறுவன் பிறந்தான். அவன் செம்மை கலந்த கபில நிறத்தினன்; அவனுடைய தோழன் அவனினும் கருநிறத்தவன். வெண்ணிற வீரரே உலாவிய இலக்கியத்தில் 1968 இல் இது துணிவான காரியம். பெருநிலப் பேரரசுகளுக்குப் பதிலாக அம்மையார் நூற்றுக்கணக்கான தீவுகளை வரைந்தார். அங்கே வள்ளம் கட்டத் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. காற்றைத் திசைதிருப்பும் மந்திரத்துக்கு விலை உண்டு. ஒரு தீவிலே மழையை விலக்கினால் அது வேறெங்கோ பெய்துவிடுமே என்ற கவலையும் உண்டு. தீவிலே வாழும் எங்களுக்கு இவை எளிதில் விளங்குவன. இருட்கோமான் அங்கே இல்லை. செருக்கினாற் செய்த மந்திரத்தால் ஒரு கருநிழலைக் கெட் தானே உலகில் அவிழ்த்துவிடுகின்றான்; அதனை அஞ்சி ஓடுகின்றான்; பின்னர் அதனைத் துரத்துகின்றான்; இறுதியில் நடுக்கடலில் எதிர்ப்பட்டு அதற்குத் தன் பெயரையே சொல்லி அழைக்கின்றான். படை இல்லை, பெரும்போர் இல்லை. காவிய நாவலின் கட்டமைப்பு அப்படியே இருக்கின்றது. பொருள் தலைகீழாக மாறியிருக்கின்றது.

ஆனால் இத்தகையவரிடமும் தாம் அறியாத இரவல் ஒன்று தங்கியிருந்தது. அவருடைய மந்திரக் கலாசாலையிலே பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் வலிமையற்றது, கெடுதியுள்ளது என்று ஊர்ப் பழமொழியும் வைத்தார். வீரனென்றால் ஆண் என்ற பழைய மரபை நினையாமலே பின்பற்றியதை அவரே பின்னர் எடுத்துச் சொன்னார். 1972 இல் மூன்றாம் நூலோடு நின்றிருந்த தொடருக்கு 1990 இல் நான்காம் நூல் எழுதி, அதே உலகத்தை ஒரு கமக்காரப் பெண்ணின் அடுக்களையிலிருந்து பார்த்தார். தெரிந்து பார்த்தெழுதுவதை எளிதிற் கண்டுபிடித்துவிடலாம். தெரியாமல் உள்ளே கிடக்கும் படியே கண்டுபிடிப்பதற்கு அரியது. அதனைக் கண்டுகொள்ளப் பதினெட்டு ஆண்டு சென்றது என்பது அவருக்குக் குறைவு ஆகாது.

எங்கள் நாட்டிலும் இத்துறையிலே கவனிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதி 2023 இல் வெளியான, ஒளிரும் கதவுகளின் துறவி எனப் பொருள்படும் நாவல், 2024 இல் அமெரிக்காவின் நெபுலா விருதைப் பெற்றது. அதன் நாயகன் பெயர் ஆங்கிலத்தில் தளை எனப் பொருள்படும். இராகுலன் என்ற பெயருக்கு வழங்கும் பொருளும் அதுவே. உலகம் போற்றும் ஒரு பெருந்துறவியின் மகனாகப் பிறந்து, தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்டவன் அவன். இத்தீவின் மக்கள் அனைவரும் கேட்ட பழங்கதையொன்றை, கைவிடப்பட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்து அவர் நோக்குகின்றார். அந்நோக்கு எல்லோருக்கும் உவப்பாகும் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்குவதற்கு ஐஸ்லாந்துக்கே போகவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதை அந்நூல் காட்டிவிட்டது.

சிவப்பு மையைப் பற்றித் தொடக்கத்திற் சொன்னேன். அண்மையில் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் எழுதிய கதை என் மேசைக்கு வந்தது. பனிமலை, நரைத்தாடி, மந்திர வாள், இருட்கோமான் எல்லாம் இருந்தன. வகுப்பாசிரியர் 'சொந்தக் கற்பனை இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அது பொய்யுமன்று. ஆனால் அமெரிக்காவில் கிறிஸ்தோபர் பவோலினி என்பவர் பதினைந்து வயதிலே தொடங்கிய நாவலும் ஏறத்தாழ இத்தகையதே. வேறு நூல்களையும் திரைப்படங்களையும் ஒத்தது என்று பலர் சுட்டிக்காட்டினர். 2002 இல் பெற்றோர் தாமே அச்சிட்டுக் கொடுக்க, பையன் ஊரூராய்ப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்று அதனை அறிமுகப்படுத்தினான். அவனை அன்று எவரும் பேனாவை மூடச் சொல்லவில்லை.

பையனை அழைத்து, 'தம்பி, உமது வீரர் பனிமலையிலே ஏழு நாள் நடக்கின்றனரே, உப்புக்கு என்ன செய்தார்கள்?' என்று கேட்டேன். அவன் திகைத்தான். பனியை அவன் கண்டதில்லை; நானும் கண்டதில்லை. உப்பை அவனுக்குத் தெரியும். அவனுடைய பாட்டனார் உப்பளத்தில் வேலை செய்தவர். இரண்டு கிழமை கழித்துத் திருத்திய கதையோடு வந்தான். பனிமலை போய்விட்டது. வெயிலில் கண்கூசும் வெள்ளை வெளியொன்று வந்திருந்தது. மழை வருமுன் உப்பை வாராவிட்டால் ஊரே பட்டினி கிடக்கும் என்பதனால், இருட்கோமான் படையை அனுப்பாமல் மழையை அனுப்புகின்றான். கதை இன்னும் முடியவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் நிற்கின்றது. அதில் தாடிக்காரக் குள்ளர் இருவர் கோடரியோடு இன்னும் நிற்கின்றனர். அவர்களை நீக்கும்படி நான் சொல்லவில்லை.